குலை விழுந்தால் எவ்வளவு வேகம்?

இயற்பியல் கணக்கு வரவில்லை என்று என்னிடம் வந்து நிற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சூத்திரம் அத்தனையும் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். மலேசியாவில் படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் சூத்திரப் பட்டியலை வினாத்தாளிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், அதை மனப்பாடம் செய்ததற்காக யாரும் ஒரு புள்ளிகூடப் போடப்போவதில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. கணக்கைப் படித்து முடிக்கும் முன்பே பேனா பட்டியலில் மேயத் தொடங்கிவிடும்: நிறை கொடுத்திருக்கிறது, வேகம் கொடுத்திருக்கிறது, அப்போ நிறையும் வேகமும் சேர்ந்து வருகிற சூத்திரம் எது, ஆங், இதோ இருக்கு, எண்ணைப் போடு, தட்டு கால்குலேட்டரை. சில சமயம் சரியான விடைகூட வந்துவிடும். வந்துவிட்டால் அவ்வளவுதான், அந்தப் பழக்கத்தை அப்புறம் பிடுங்குவது பெரும்பாடு.

நான் இருப்பது கெடாவில், பீடோங்கில். சுற்றிலும் ரப்பர் எடுக்கும் பால்மரமும் எண்ணெய் எடுக்கும் செம்பனையும், தலை நிமிர்ந்தால் ஜெராய் மலை. வேலை கூலிமில் ஒரு தொழிற்சாலையில். எங்கள் மாநிலத்தில் பள்ளிக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை என்பதால் சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது வழக்கம். டியூஷன் என்று சொல்ல மாட்டேன், காசு வாங்குவதில்லை, வெள்ளைப் பலகைகூட யாரோ வீடு மாறும்போது கொடுத்துவிட்டுப் போனது. அங்கே நான் ஓயாமல் கேட்பது ஒரே கேள்வி: இந்தக் கணக்கில் எது மாறவில்லை?

தொடக்கநிலை இயற்பியல் கணக்கு எதை எடுத்தாலும் முன்னே ஒரு நிலை இருக்கும், பின்னே ஒரு நிலை இருக்கும், நடுவில் ஏதோ நடக்கும். விழும், மோதும், சூடாகும், வளையும், எரியும். நடுவில் இத்தனை நடந்தும் எது அப்படியே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் சூத்திரம் தன்னால் வந்து உட்காரும். இயக்கவியலில் தொடங்கி மின்சாரம், அலை, ஒளி வரைக்கும் இந்த ஒரு கேள்வி வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

சரி, செம்பனையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பா இன்னும் குலை வெட்டுகிறார், என் அப்பாவும் வெட்டியவர்தான். 10 மீட்டர் உயர மரத்திலிருந்து 20 கிலோ குலை விழுகிறது. தரையைத் தொடும்போது என்ன வேகம்? ஆற்றலின் மொத்தம் மாறவில்லை. மேலே இருக்கும்போது நிலை ஆற்றல், கீழே வரும்போது அத்தனையும் இயக்க ஆற்றல். இரண்டு பக்கமும் நிறை வருவதால் அது அடிபட்டுப் போய்விடும், மிஞ்சுவது இரண்டு, புவியீர்ப்பு முடுக்கம் 9.81, உயரம் 10 மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம். நொடிக்கு 14 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் இன்னும் நன்றாகப் புரியும், ஒரு மோட்டார் டவுனுக்குள் போகிற வேகம். நிறை அடிபட்டுப் போனதால் இன்னொன்றும் கையோடு கிடைக்கிறது: குலையிலிருந்து பிரிந்த ஒற்றை உதிரிப்பழமும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் வந்து விழும். "அப்போ குலை விழுந்தா மட்டும் ஏன்க்கா ஆளு செத்துப் போறாங்க?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. வேகம் ஒன்றுதான், நிறுத்துவதற்கு வேண்டிய விசை ஒன்றல்ல.

அந்த 20 கிலோ குலை மண்ணில் 5 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொண்டுவந்த ஆற்றல் ஏறத்தாழ 1,960 ஜூல். அதை 0.05 மீட்டருக்குள் மண் வாங்கிக்கொள்ள வேண்டும், அதனால் சராசரி விசை 39,000 நியூட்டனுக்குக் கொஞ்சம் மேலே. 4 டன் எடை வந்து உட்கார்வதற்குச் சமம். இந்த எண்ணைப் பலகையில் எழுதியதும் மண்டபம் ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது, அப்புறம் ஒருத்தி, "அப்பாகிட்ட சொல்லணும்க்கா" என்றாள். அவள் அப்பாவுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. நீளக்கம்பைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் நிற்க வேண்டும், குலை அசையும்போது எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கால்களிலேயே இருக்கிறது. தலைக்கவசம் உதிரிப்பழத்துக்கு ஆகும், 4 டன்னுக்கு ஆகாது என்பதும் தெரியும்.

அடுத்து லோரி. குலை ஏற்றிக்கொண்டு மணிக்கு 36 கிலோமீட்டரில் ஆலைக்குப் போகிறது, அதன் பின்பக்கத்தில் 2 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு குலை நழுவி விழுகிறது. எங்கே விழும்? பத்தில் எட்டுப் பேர் "நேரா கீழே" என்பார்கள், மீதிப் பேர் "பின்னாடி" என்பார்கள். எது மாறவில்லை? கிடைமட்ட வேகம். குலையைப் பக்கவாட்டில் யாரும் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை, காற்றை விட்டுவிட்டால் அது லோரியின் வேகத்திலேயே முன்னால் போய்க்கொண்டுதான் இருக்கும். விழுவதற்கு ஆகும் நேரம் 0.64 நொடி, நொடிக்கு 10 மீட்டர் என்றால் நழுவிய இடத்திலிருந்து 6.4 மீட்டர் முன்னே தரையைத் தொடும். லோரியில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு நேரே கீழே விழுந்த மாதிரி, சாலையோரம் நிற்பவனுக்கு வளைந்து வந்த மாதிரி. விழுவதும் போவதும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் தனித்தனியாக நடக்கின்றன என்று கலிலியோ 1638இலேயே அச்சில் சொல்லிவிட்டார். பிள்ளைகள் சறுக்குவது இரண்டு திசையின் எண்களையும் ஒரே சூத்திரத்துக்குள் திணிக்கும்போதுதான். தாளில் நடுவே ஒரு கோடு போட்டு இடப்பக்கம் கிடைமட்டம், வலப்பக்கம் செங்குத்து, இரண்டுக்கும் பொதுவானது நேரம் மட்டும் என்று எழுதச் சொல்வேன். இந்தக் கோட்டைப் போடச் சோம்பல்படுகிறவர்களுக்கு நான் உதவி செய்வதில்லை.

இனி வருவதுதான் கொஞ்சம் சிக்கல். ஆற்றல் மாறாது என்று ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் அதை எங்கே பார்த்தாலும் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் இந்தக் கணக்கைக் கட்டாயம் கொடுப்பேன்: 400 கிலோ இழுவைப்பெட்டி ஒன்று டிராக்டரிலிருந்து கழன்று சமதரையில் நொடிக்கு 3 மீட்டரில் தானாக உருண்டு போகிறது, மேலேயிருந்து 100 கிலோ குலைகள் நேராக அதற்குள் விழுகின்றன. இப்போது வேகம் என்ன? மண்டபம் இரண்டாகப் பிரியும். இயக்க ஆற்றல் மாறாது என்று போட்டவர்களுக்கு 2.68 வரும். உந்தம், அதாவது நிறை பெருக்கல் வேகம், மாறாது என்று போட்டவர்களுக்கு 2.4 வரும். இரண்டும் நம்பத்தக்க எண்கள், இரண்டுமே 3க்குக் கீழே, இரண்டுக்கும் பட்டியலில் சூத்திரம் இருக்கிறது. பட்டியல் தேடிகள் மாட்டிக்கொள்வது சரியாக இந்த இடத்தில்தான், ஏனென்றால் எந்தச் சூத்திரம் என்று பட்டியல் சொல்லாது.

2.4 தான் சரி. பாதையின் திசையில் வெளியிலிருந்து எந்த விசையும் இல்லை, குலைகள் நேர் கீழே வந்தவை, கிடைமட்டமாக எதையும் கொண்டுவரவில்லை, ஆகவே கிடைமட்ட உந்தம் அப்படியே: 400 பெருக்கல் 3 என்பது 1,200, அதை 500ஆல் வகுத்தால் 2.4. ஆற்றலைப் பார்த்தால் முன்னே 1,800 ஜூல், பின்னே 1,440. 360 ஜூல் எங்கே? குலை பெட்டியின் தரையில் வழுக்கிய உரசல், சூடு, தடார் என்ற சத்தம், நசுங்கிய பழம். ஆற்றல் மொத்தத்தில் அழியவில்லை, இயக்க ஆற்றலாக மட்டும் இல்லை. ஒட்டிக்கொள்கிற மோதல் எதுவானாலும் இதுதான் கதை.

இத்தோடு விட்டால் பிள்ளைகள் "மோதினா உந்தம்" என்று இன்னொரு மந்திரத்தை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதனால் உடனே கதையை மாற்றுவேன். பெட்டி கழலவில்லை, டிராக்டர் இழுத்துக்கொண்டே இருக்கிறது, ஓட்டுநர் வேகத்தை 3இலேயே பிடித்து வைத்திருக்கிறார், அதே 100 கிலோ விழுகிறது. இப்போது உந்தம் மாறாது என்று சொல்ல முடியுமா? முடியாது, டிராக்டர் வெளியிலிருந்து இழுக்கிறதே. இங்கே மாறாதது வேகம். குலைகளுக்குப் புதிதாக 300 அலகு உந்தம் கிடைத்திருக்கிறது, அதைக் கொடுத்தது இயந்திரம். அந்த வேலையைக் கணக்குப் போட்டால் இயந்திரம் கூடுதலாகச் செலவழித்தது 900 ஜூல், குலைகள் பெற்ற இயக்க ஆற்றல் 450 ஜூல். மிச்சப் பாதி உரசலில் போச்சு. ஓடுகிற பெல்ட்டில் பழத்தைக் கொட்டும் ஆலையிலும் இதே கணக்குத்தான், எவ்வளவு மெதுவாகக் கொட்டினாலும் சரி, எவ்வளவு நல்ல பெல்ட்டாக இருந்தாலும் சரி, இந்தப் பாதி போயே தீரும். படம் அதே படம், எண்கள் அதே எண்கள், மாறாதது மட்டும் வேறு. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இயக்கவியலில் நான் சொல்லித்தர இனி அதிகம் இல்லை.

சுருள்வில் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். ஹூக் விதியை, அதாவது இழுத்த அளவுக்கு விசை என்பதை, 1678இல் ஹூக் வெளியிட்டார், சுருள்வில் மாறிலி, அதாவது வில்லின் விறைப்பு, மாறாது என்பதுதான் அதன் உயிர். பால்மர ஊரில் வளர்ந்த பிள்ளைகள் ரப்பர் பட்டையை வைத்து இதைச் செய்து பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள், செய்தால் நேர்கோடு வராது, கோடு வளைந்து வளைந்து போகும். ரப்பர் ஹூக்குக்குக் கட்டுப்பட்ட ஆள் இல்லை, தொடக்கத்தில் ஒரு விறைப்பு, நடுவில் ஒரு விறைப்பு, அறுந்து போவதற்கு முன்னால் வேறொரு விறைப்பு. அது மட்டுமில்லை, ஒரு தடித்த ரப்பர் பட்டையைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், கதகதப்பாக இருக்கும். விட்டுவிட்டு வைத்தால் குளிர்ந்திருக்கும். ஜான் கஃப் என்பவர் 1805இல் கவனித்தது இது, ஜேம்ஸ் ஜூல் 1859இல் அளந்தே காட்டினார். தேர்வுக்கு வராது. ஆனால் ஒரு பிள்ளை இதைச் செய்து பார்த்துவிட்டு முகம் மலர்வதைப் பார்க்கத்தான் நான் சனிக்கிழமை காலையில் எழுந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வெப்பத்துக்கு தே தாரிக்கை, அதாவது இழுத்து ஆற்றிக் கொடுக்கும் பால் தேநீரை, விட நல்ல கணக்கு கிடையாது. 200 கிராம் தேநீர், 90 பாகை. 150 கிராம் எஃகு மக்கு, 30 பாகை. ஊற்றினால் என்ன ஆகும்? தேநீர் இழந்ததும் மக்கு பெற்றதும் சமம், அதாவது மொத்தம் மாறவில்லை. ஒரு கிலோவை ஒரு பாகை சூடேற்ற வேண்டிய ஜூல்தான் தன்வெப்பம்: நீருக்கு 4,200, எஃகுக்குச் சுமார் 450. போட்டுப் பார்த்தால் 85.5 பாகை. நாலரைப் பாகைதான் இறங்கியிருக்கிறது, நாக்கு இன்னும் வெந்துபோகும். அப்படியானால் கடைக்காரர் கை நீட்டி நீட்டி இழுத்து ஊற்றுவதில் எப்படி ஆறுகிறது? ஒரு பெண் மடக்கினாள்: "அக்கா, மேலே இருந்து விழுந்தா ஆற்றல் வெப்பமா மாறி இன்னும் சூடாகணும்ல?" ஆகும்தான். 1 மீட்டர் விழுந்தால் 9.81ஐ 4,200ஆல் வகுக்க வேண்டும், ஒரு பாகையில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. உண்மையில் நடப்பது ஆவியாதல். நீர் ஆவியாக ஒரு கிராமுக்குச் சுமார் 2,300 ஜூல் வேண்டும், இதுதான் மறைவெப்பம். ஊற்றி ஊற்றி 5 கிராம் ஆவியாகப் போனாலே 11,500 ஜூல், மிச்சத் தேநீர் கிட்டத்தட்ட 14 பாகை இறங்கிவிடும். 5 கிராம் என்பது ஒரு தேக்கரண்டித் தண்ணீர். தன்வெப்பமும் மறைவெப்பமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று பத்துப் பக்கம் எழுதிப் புரியவைப்பதற்குப் பதில் இந்த ஒரு கோப்பை போதும்.

கொதிக்கும் நீரில் மாறாதது வெப்பநிலை. அடுப்பைக் கூட்டினால் ஆவி வேகமாகப் போகும், பாகை ஏறாது. ஜெராய் உச்சி 1,217 மீட்டர், அங்கே நீர் சுமார் 96 பாகையிலேயே கொதித்துவிடும், அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையில் 100ஐத் தொட முடியாது.

மின்சாரத்தில் எனக்குப் பிடித்த கணக்கு கெட்டில். வீட்டுக்கு வீடு இருக்கிற சாமான், அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எல்லாமே எழுதியிருக்கும். 2,200 வாட், 240 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நாட்டின் நிர்ணய மின்னழுத்தம் 230 வோல்ட் என்று ஆகிவிட்டது, ஆனாலும் பழக்கத்தில் நாங்கள் 240 போட்டுத்தான் கணக்குச் செய்கிறோம். மின்னோட்டம் 9.2 ஆம்பியர், அதனால்தான் அந்த மூன்று கால் ப்ளக்குக்குள் 13 ஆம்பியர் ஃபியூஸ். மின்தடை சுமார் 26 ஓம். ஒன்றரை லிட்டர் நீரை 28 பாகையிலிருந்து கொதிக்க வைக்க 4,53,600 ஜூல், 2,200ஆல் வகுத்தால் 206 நொடி, மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு. வீட்டில் கடிகாரம் வைத்துப் பார்த்தால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும், கெட்டிலே சூடாக வேண்டும், சுவர் வழியாகவும் ஆவியாகவும் கொஞ்சம் போகும். செலவு? 0.126 யூனிட். முதல் 200 யூனிட்டுக்கு 21.8 காசு என்று இருந்த பழைய கட்டணத்தில் மூன்று காசுகூட இல்லை. "அம்மா கெட்டிலை அடிக்கடி போடாதேன்னு திட்டுவாங்களே" என்றான் ஒருவன். அம்மாவிடம் குளிரூட்டியைக் காட்டு என்றேன்.

இதுவரை எளிது. இனிதான் கேள்வி. நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ராத்திரி ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கும் டிவியும் போட்டதும் கம்பியின் கடைசி வீடுகளுக்கு மின்னழுத்தம் இறங்கிவிடும், விளக்கு மங்கும், மின்விசிறி சோம்பும். அப்படி 220 வோல்ட்டுக்கு இறங்கினால் கெட்டிலின் மின்னோட்டம் கூடுமா, குறையுமா? கிட்டத்தட்ட எல்லோரும் கூடும் என்பார்கள். திறன் என்பது மின்னழுத்தமும் மின்னோட்டமும் பெருக்கியது, திறன் 2,200, மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் கூடித்தானே ஆகணும், 10 ஆம்பியர். கணிதத்தில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கெட்டிலுக்குள் இருப்பது ஒரு கம்பிச்சுருள், தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மாறாதது அதன் மின்தடை. 220ஐ 26.2ஆல் வகுத்தால் 8.4 ஆம்பியர், மின்னோட்டம் குறைகிறது. திறனும் 1,850 வாட்டுக்கு இறங்குகிறது, மின்னழுத்தம் எட்டுச் சதவிகிதம் குறைந்ததற்குத் திறன் பதினாறு சதவிகிதம் குறைகிறது, அதே நீர் கொதிக்க 245 நொடி ஆகிறது. தகட்டில் இருக்கிற 2,200 என்பது 240 வோல்ட் கொடுத்தால் மட்டும் செல்லும் வாக்கு.

பிள்ளைகள் சொன்ன விடை முழு முட்டாள்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். மடிக்கணினி சார்ஜர் இருக்கிறதே, 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும், அது கிட்டத்தட்ட அவர்கள் சொன்னபடியே நடந்துகொள்ளும். உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று கணினிக்கு வேண்டிய திறனை எப்படியும் கொடுத்தாக வேண்டும், அதனால் மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டத்தைக் கூட்டி வாங்கிக்கொள்ளும். கெட்டிலில் தடை மாறாது, சார்ஜரில் திறன் மாறாது. எந்தச் சூத்திரப் பட்டியலும் இதைச் சொல்லித் தராது, சாமானுக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தால்தான் வரும்.

தொடர் இணைப்பில் மாறாதது மின்னோட்டம், பக்க இணைப்பில் மின்னழுத்தம். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், 60 வாட் குண்டு பல்பையும் 100 வாட் குண்டு பல்பையும் தொடராக இணைத்தால் எது பிரகாசம் என்று கேட்டால் 100 என்று கை தூக்குவார்கள். 60 வாட் பல்புக்குத்தான் தடை அதிகம், ஒரே மின்னோட்டம் இரண்டிலும் ஓடுவதால் அதுதான் பிரகாசம். குண்டு பல்பு இப்போது கடையில் கிடைப்பதில்லை என்பதால் செய்து காட்ட வழியில்லை, நம்புங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.

அலையிலும் ஒளியிலும் மாறாதது அதிர்வெண். ஊடகம் மாறினால் வேகம் மாறும், அலைநீளம் மாறும், அதிர்வெண் மாறாது, ஏனென்றால் எல்லையில் ஒரு பக்கம் நொடிக்கு எத்தனை முகடு வந்து சேர்கிறதோ அத்தனைதான் அடுத்த பக்கம் புறப்பட முடியும், நடுவில் முகடு பிறக்கவும் முடியாது சாகவும் முடியாது. இதைச் சொல்லிவிட்டு, காற்றில் 650 நானோமீட்டர் உள்ள சிவப்பு ஒளி நீருக்குள் போனால் அலைநீளம் என்ன என்று கேட்டேன். நீரின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளி எத்தனை மடங்கு மெதுவாகப் போகும் என்பது, 1.33; அதால் வகுத்து 489 என்றார்கள். சரி. உடனே பின்வரிசையில் இருந்து, "489ன்னா நீலம்தானே அக்கா, அப்போ தண்ணிக்குள்ள சிவப்புச் சட்டை நீலமாத் தெரியணுமே?" பாடநூலின் நிறப்பட்டையில் காற்றிலுள்ள அலைநீளத்தைத்தான் போட்டிருப்பார்கள், அதை நீருக்குள் கொண்டுபோய் வைத்தது அவன் தப்பில்லை. நிறத்தைத் தீர்மானிப்பது அதிர்வெண். அதுவும் தவிர, வெளியில் காற்றோ நீரோ எதுவாக இருந்தாலும், அந்த ஒளி விழித்திரையைத் தொடும் முன்னால் நம் கண்ணுக்குள் இருக்கிற நீர்மத்தைக் கடந்துதான் வருகிறது, அதன் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட நீருடையதேதான். சட்டையைக் குளத்துக்கு வெளியே பார்த்தாலும் உள்ளே பார்த்தாலும் விழித்திரைக்கு வந்து சேரும் அலைநீளம் ஒன்றுதான். இந்த விளக்கம் அவனுக்குப் பிடித்துவிட்டது, வகுப்பு முடிந்து போகும்போது இன்னொருவனிடம் முழுசாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனான்.

அலகு பற்றி ஒரே ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் இத்தனையும் வீண். கிலோமீட்டரை மீட்டராக மாற்றாமல் போட்டவர்கள், கிராமை அப்படியே விட்டவர்கள், இவர்களுக்காக நான் கடைசியில் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: இந்த எண்ணைப் பார்த்தால் நடக்கிற காரியமாகத் தெரிகிறதா? ஒரு குலை நொடிக்கு 1,400 மீட்டரில் விழுகிறது என்று வந்தால் அது துப்பாக்கிக் குண்டைத் தோற்கடிக்கிற குலை. ஒரு கோப்பைத் தேநீர் 300 பாகைக்குப் போனால் கடையில் அல்ல, எங்கோ கணக்கில் தீப்பிடித்திருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றே போட்டோம், இப்போதைய பாடத்தில் 9.81. நல்லதுதான், ஆனால் விடை சரியான அளவில் இருக்கிறதா என்று மனக்கணக்கில் சோதிக்க இன்றும் 10ஐத்தான் போடச் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை கடைசியாகக் கொடுத்தது படகுக் கணக்கு. ஒரு சின்னக் குட்டையில் படகு மிதக்கிறது, படகுக்குள் 30 கிலோ கருங்கல். கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டால் குட்டையின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? பெரிய சண்டை. ஏறும் என்றவர்கள் அதிகம், கல் தண்ணீருக்குள் போகிறதே என்று. அப்படியே இருக்கும் என்றவர்கள் என் கேள்வியை எனக்கே திருப்பிப் போட்டார்கள்: "கல்லும் மாறலை, தண்ணியும் மாறலை, படகும் மாறலை, பின்ன என்னக்கா மாறும்?" அது நியாயமான வாதம், ஆனால் கல்லைத் தாங்குவது யார் என்பது மாறிவிட்டது. படகில் இருக்கும்வரை கல்லைத் தாங்குவது முழுக்க நீர், அதனால் கல்லின் எடைக்குச் சமமான நீர், 30 லிட்டர், விலகியாக வேண்டும். அடியில் கிடக்கும்போது அதில் பெரும்பங்கைக் குட்டையின் தரை தாங்குகிறது, கல் விலக்குவது தன் கன அளவு மட்டும், கருங்கல் நீரைவிட 2.7 மடங்கு அடர்த்தி என்றால் 11 லிட்டர். மட்டம் இறங்கும். இரண்டு பேர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வரும் வாரம் ஒரு வாளியும் ஐஸ்கிரீம் டப்பாவும் நான் கொண்டுவருகிறேன், கல் அவர்கள் பொறுப்பு.